தரவுத்தளத்தில் இல்லாத இசக்கி

நீண்ட பதிவு. சமயவியல், மொழியியல், சமூகவியல் துறைகளில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களும் அவர்தம் நெறியாளர்களும் பொறுமையுடன் வாசித்து, மறுப்பிருந்தால் எழுதுமாறு வேண்டுகிறேன்.

"உலகில் ஏறத்தாழ 4,200 மதங்கள் உள்ளன." கடந்த சில ஆண்டுகளில் நான் புரட்டிய ஆய்வேடுகள் பலவற்றில் இத்தொடர் முன்னுரையிலேயே தென்படுகிறது. அடிக்குறிப்பில் ஓர் இணைய முகவரி இருக்கும். அதைத் திறந்தால் அது இன்னொன்றைச் சான்று காட்டும். அது மூன்றாவதைக் காட்டும். சங்கிலியின் முதற்கண்ணி பெரும்பாலும் ஒன்றே: 1990களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு தனிமனிதரின் ஆர்வத்தால் தொடங்கப்பட்ட 'அட்ஹெரன்ட்ஸ்' என்னும் இணையத்தொகுப்பு. நூல்களிலும் நாளிதழ்களிலும் அச்சான உறுப்பினர் எண்ணிக்கைகளைத் திரட்டி 43,000க்கும் மேற்பட்ட மேற்கோள்களாக அவர் அடுக்கியிருந்தார். மதம், திருச்சபை, உட்பிரிவு, பழங்குடி, பண்பாடு, இயக்கம் எனப் பலவகைப் பதிவுகளும் அதில் கலந்திருந்தன. இதைத் தொகுப்பின் முகப்பே வெளிப்படையாகச் சொன்னது. அவ்வகைப் பதிவுகள் அனைத்தின் கூட்டுத்தொகையே 4,200. தொகுத்தவர் நேர்மையாகத்தான் எழுதினார். எடுத்தாண்டவர்கள் மற்ற சொற்களையெல்லாம் உதிர்த்துவிட்டு 'மதம்' என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டனர். இன்று அத்தளம் இணையத்தில் இல்லை. எண் மட்டும் ஆய்வேட்டிலிருந்து ஆய்வேட்டிற்குப் பயணம் செய்கிறது.

இது ஒரு தனி எண்ணைப் பற்றிய குறை என்றால் இவ்வளவு நீளமாக எழுதத் தேவையில்லை. இணையக் குறிப்புகளைத் திரட்டி உலகச் சமயங்களை வரைபடமாக்குவது இப்போது நம் துறைகளில் ஒரு முறையியலாகவே நிலைபெற்றுவருகிறது. அண்மையில் ஒரு கருத்தரங்கில் மும்பையின் சமய நிலவியல் குறித்து வாசிக்கப்பட்ட கட்டுரையில் கள ஆய்வு என்று ஒருநாள் கூட இல்லை. இணைய வரைபடங்களிலிருந்து வழிபாட்டிடங்களை நிரல் எழுதி உருவி, ஐந்து நிறங்களில் புள்ளிகளாகத் தூவி, நிறச்செறிவைக் கொண்டு 'சமயப் பன்மைக் குறியீடு' ஒன்றும் கணக்கிட்டிருந்தனர். அரங்கில் கைதட்டல் பலமாக இருந்தது. கட்டுரையாளர்கள் மீது எனக்குக் குறையில்லை, இளைஞர்கள், உழைத்திருக்கிறார்கள். அம்முறையை ஏற்று மதிப்பெண் வழங்கும் நாம்தான் விடை சொல்ல வேண்டியவர்கள்.

முதலில் பெரிய வரைபடங்களை எடுத்துக்கொள்வோம். 2012 டிசம்பரில் ப்யூ ஆய்வு மையம் வெளியிட்ட உலகச் சமய நிலவர அறிக்கை 230க்கும் மேற்பட்ட நாடுகளையும் ஆட்சிப்பகுதிகளையும் உள்ளடக்கியது. ஏறத்தாழ 2,500 கணக்கெடுப்புகளையும் மாதிரி ஆய்வுகளையும் பதிவேடுகளையும் பயன்படுத்தியது. 2010ஆம் ஆண்டின் உலக மக்களில் கிறித்தவர் 31.5 விழுக்காடு, முஸ்லிம்கள் 23.2, சமயச் சார்பற்றோர் 16.3, இந்துக்கள் 15, பௌத்தர் 7.1, நாட்டார் சமயத்தினர் 5.9 என்பது அதன் கணக்கு. பொறுப்புடன் செய்யப்பட்ட பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் எட்டுப் பெட்டிகளை உற்று நோக்குங்கள். சீக்கியர், சமணர், பார்சியர், பஹாய் ஆகியோர் அனைவரும் 'பிற' என்ற ஒரே பெட்டியில் கிடக்கின்றனர். பார்சியரையும் சமணரையும் 'பிற' என்று சொல்லிவிட்டு மும்பையின் வரலாற்றில் ஒரு பக்கம் எழுத முடியுமா?

அதைவிடக் கடினமான சிக்கல் 'நாட்டார் சமயம்' என்ற பெட்டியில் இருக்கிறது. சீனச் சிற்றூரில் மூதாதையர்க்கும் ஊர்க்காவல் தெய்வத்திற்கும் படையலிடுபவர் அப்பெட்டிக்குள் செல்வார். திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் வாழ்ந்து, சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை எடுப்பவர் 'இந்து' என்ற பெட்டிக்குள் செல்வார். செயலில் உள்ள ஒப்புமையை விட அந்தந்த நாட்டு அரசின் படிவத்தில் உள்ள கட்டமே அவரை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கிறது. ஆகவே உலக வரைபடத்தில் நாம் காணும் நிறம், அடிப்படையில், அரசுகளின் படிவங்களை நிறந்தீட்டிக் காட்டும் படம்.

படிவங்களின் வரலாற்றை அறியாமல் அவற்றின் எண்களைக் கையாள்வது ஆய்வாளர்க்கு அழகன்று. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நினைவுகூர்க. ஆணையர் கெய்ட், 'இந்து' என்று பதிவாகும் சாதிகளுள் யார் உண்மையில் அவ்வாறு கருதத்தக்கவர் என்றறியப் பத்து அளவுகோல்களை மாகாணங்களுக்கு அனுப்பினார். பார்ப்பனரின் மேன்மையை ஏற்கிறார்களா, வேதத்தின் அதிகாரத்தை ஏற்கிறார்களா, கோயிலின் உட்புறம் செல்ல அனுமதி உண்டா, இறந்தோரைப் புதைக்கிறார்களா என்பன போன்றவை அவை. அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டத்தகாதவர் பற்றிய நூலில் இவ்வளவுகோல்களை எடுத்து விவாதிக்கிறார். அதே 1911இல் பம்பாய் மாகாணத்தில் குஜராத்திச் சமூகங்கள் சிலவற்றை இரண்டிலொன்றில் அடைக்க இயலாமல் அங்குள்ள கண்காணிப்பாளர் 'இந்து-முகமதியர்' என்றொரு வகையை உருவாக்கினார்; கெய்ட் அதை ஏற்கவில்லை. களத்தில் நின்றவர் கண்ட உண்மை, அட்டவணை தயாரித்தவரின் ஒழுங்கிற்கு இடையூறாக இருந்தது. நூற்றாண்டு கடந்தும் அந்த அட்டவணையாளரின் மனம்தான் நம் நிரல்களில் இயங்குகிறது.

தமிழர் பக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதர் இதன் பொருளை மிக முன்னரே உணர்ந்திருந்தார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர், கணக்கெடுப்பில் தம் மக்கள் எப்பெயரில் பதிவாகிறார்கள் என்பதை இதழ்ப்பணியின் மையக் கவலைகளுள் ஒன்றாகக் கொண்டார். பெயர்ப் பதிவு அரசியற்செயல் என்பதை ஆய்வுப்பட்டம் ஏதுமின்றி அவர் அறிந்திருந்தார்.

விடுதலைக்குப் பின்னும் படிவம் தன் வேலையைத் தொடர்ந்தது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. இதன் விளைவைத் தாராவியிலோ செம்பூரிலோ பத்து வீட்டுக் கதவைத் தட்டியவர் எவரும் அறிவர். ஞாயிறுதோறும் சபைக்குச் செல்லும் குடும்பத்தின் சான்றிதழில் 'இந்து' என்றிருக்கும். கல்விக்கும் வேலைக்கும் அச்சொல் தேவை. 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அம்பேத்கருடன் பௌத்தம் தழுவிய மக்களுக்கு ஒன்றிய அரசின் பட்டியல் சாதி உரிமை கிடைக்க 34 ஆண்டுகள் ஆயின. அவ்விடைவெளியில் கட்டத்தில் எழுதிய சொல்லும் வீட்டுச் சுவரில் மாட்டிய படமும் வேறுவேறாக இருந்த வீடுகள் எத்தனையோ. 2011 கணக்கெடுப்பு மகாராட்டிரத்தில் 65 இலட்சம் பௌத்தரைக் காட்டுகிறது. இந்தியப் பௌத்தருள் முக்காற்பங்கிற்கும் மேல் இம்மாநிலத்தவர். அவ்வெண்ணை நம்பிக்கையின் அளவாக வாசிப்பதா, சட்டத்தின் அளவாக வாசிப்பதா? இரண்டையும் பிரித்தறியும் கருவி இணையத்தில் கிடையாது.

இன்னொன்று. 2011 படிவத்தில் ஆறு சமயங்களுக்கே குறியெண் உண்டு. அதனால் 'பிற'வில் தங்கள் பெயரைத் தாமே எழுதிய சர்னா வழிபாட்டினர் 49 இலட்சம் பேர். குறியெண் பெற்ற சமணரோ ஏறத்தாழ 44.5 இலட்சம். எண்ணிக்கையில் மிகுந்தோர்க்குக் குறியெண் இல்லை! 2020 நவம்பரில் சார்க்கண்ட் சட்டமன்றம் சர்னாவிற்குத் தனிக்குறியீடு வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. உலக வரைபடங்களோ அம்மக்களைக் காண்பதே இல்லை.

(இங்கிலாந்தும் வேல்சும் 2001இல் சமய வினாவைச் சேர்த்தபோது, மின்னஞ்சல் வழியே பரவிய அழைப்பைக் கேட்டு 3,90,000 பேர் திரைப்படத்திலிருந்து எடுத்த 'ஜெடாய்' என்ற பெயரைத் தம் சமயமாக எழுதினர் என்பதையும் சொல்லிவைக்கிறேன். கேலிக்கு எண் கிடைக்கும் உலகில் இசக்கிக்குக் கிடைக்கவில்லை.)

கணக்கெடுப்பிலாவது கதவைத் தட்டிய ஒரு மனிதர் இருக்கிறார். இணையக் குறிப்பில் அவரும் இல்லை. தாராவியையே எடுத்துக்கொள்வோம். அங்கு முஸ்லிம்கள் முப்பதை ஒட்டிய விழுக்காடு, கிறித்தவர் ஆறு விழுக்காடு, எஞ்சியோர் பெரும்பாலும் இந்துக்கள் என்னும் கணக்கு இணையக் கலைக்களஞ்சியத்திலிருந்து சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரம் வரை உலவுகிறது. கணக்கெடுப்பின் சமய அட்டவணைகள் மாநிலம், மாவட்டம், வட்டம், நகரம் என்ற அளவிலேயே வெளியாகின்றன. தாராவியோ மாநகராட்சியின் ஜி வடக்கு வட்டாரத்தின் ஒரு பகுதி, தனி நகரமன்று. அதன் மொத்த மக்கள்தொகையே மூன்று இலட்சம் என்பாரும் பத்து இலட்சம் என்பாரும் உளர். முழுமை தெரியாத ஒன்றின் ஆறு விழுக்காட்டை எவ்வாறு கண்டனர்? அதை மேற்கோளாக்கும் ஆய்வாளர் இவ்வினாவை எழுப்புவதில்லை. மூன்று இடங்களில் அச்சான எண் தானாகவே உண்மையாகிவிடுகிறது.

இனி வரைபடத்தின் மொழியைப் பார்ப்போம். என் ஆய்வு அதைச் சார்ந்தது. மும்பைத் தமிழர் வழிபாட்டிடங்களின் பெயர்ப்பலகைகளே எனது தரவு. மாதுங்காவின் ஆஸ்திக சமாஜம், செம்பூர் செட்டா நகரின் முருகன் கோயில் போன்ற நிறுவனங்களுக்கு அறக்கட்டளை உண்டு, அலுவலகம் உண்டு, ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த செயலர் உண்டு. எனவே நிழற்படங்களும் நேர அட்டவணையும் நூற்றுக்கணக்கான மதிப்புரைகளும் உண்டு. தாராவிச் சந்து ஒன்றில் மூன்றடி மேடையில் மஞ்சள் பூசிய பீடமாக நிற்கும் இசக்கிக்கு இவற்றுள் எதுவுமில்லை. பலகை இருந்தாலும் அதில் தமிழும் தேவநாகரியும் கலந்திருக்கும். இசக்கி என்பதை உரோமன் எழுத்தில் நான் கண்ட வடிவங்கள் மட்டும் நான்கு. சுடலைமாடனின் லகரம் தேவநாகரிக்குச் செல்கையில் எழுதுபவரின் செவிக்கேற்ப மாறும். ழகரம் வந்தாலோ சொல்லவே வேண்டாம். நிரல் இவற்றை வேறுவேறு தெய்வங்களாக எண்ணும், அல்லது ஒன்றையும் எண்ணாது. பெந்தெகொஸ்தே சபைகள் பல வாடகைக் கூடங்களில் கூடுகின்றன. வரைபடத்தில் அது திருமணக்கூடம். ஞாயிறு காலையில் அது ஆலயம்.

திறந்தநிலை வரைபடங்களில் வழிபாட்டிடம் என்று குறித்தால் 'சமயம்' என்ற குறிச்சொல்லுக்கு ஒரு மதிப்பு தர வேண்டும். 'பல்சமயம்' என்ற மதிப்பும் அங்குண்டு. நேர்மையாக அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது விமான நிலைய வழிபாட்டு அறைகளை எண்ணி வகுத்தது போன்றது. புதன்கிழமை தோறும் மாகிம் புனித மிக்கேல் ஆலயத்தில் சகாயமாதா நவநாளுக்கு வரிசையில் நிற்போரில் கிறித்தவரல்லாதார் எத்தனை பேர் என்பதை நகரமே அறியும். ஆலயம் கத்தோலிக்க ஆலயமே. 'பல்சமயம்' என்று குறித்தால் பிழை. வரிசையில் நிற்போரின் சமயம் கத்தோலிக்கம் என்று கொண்டால் அதுவும் பிழை. நாகூர் தர்காவின் பெரிய மனாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கதிர்காமத்தில் தமிழ்ச் சைவரும் சிங்களப் பௌத்தரும் முஸ்லிம்களும் வேடரும் ஒரே வளாகத்திற்கு வருகின்றனர். இடத்திற்கு ஒரு நிறம் என்ற விதியை ஏற்றுக்கொண்ட கணத்திலேயே இவையெல்லாம் பிழைகளாகவோ விதிவிலக்குகளாகவோ ஆகிவிடுகின்றன. தென்னாசியாவில் விதிவிலக்கின் பரப்பு விதியைவிடப் பெரிது.

குறிப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு சமயத்தின் பரவலை அளப்பது இன்னும் வேடிக்கை. அய்யா வைகுண்டரின் (1809–1851) வழியைப் பற்றி ஆங்கில இணையக் கலைக்களஞ்சியத்தில் விரிவான கட்டுரைத் தொகுதி இருக்கிறது. கணக்கெடுப்பில் அம்மக்கள் 'இந்து' என்ற கட்டத்திற்குள் அடங்குகின்றனர். இணையத்தைக் கொண்டு வரைந்தால் ஒரு தனிச்சமயம். அரசைக் கொண்டு வரைந்தால் சமயமே இல்லை. அய்யாவழியினர் தம்மைத் தனித்து நிறுத்த விழைவதில் எனக்கு மறுப்பில்லை, அவ்வுரிமை அவர்களுடையது. எழுதத் தெரிந்த, நேரமுள்ள, ஆங்கிலமறிந்த தன்னார்வலர் சிலர் ஒரு சமூகத்தில் இருந்தனர் என்பதையே கட்டுரைகளின் எண்ணிக்கை நமக்குச் சொல்கிறது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதை 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை'. வஞ்சி நகரில் மணிமேகலை ஆண் துறவி வடிவில் சென்று அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, பூதவாதி என ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பௌத்தச் சார்புடைய காப்பியம், சார்பை அது மறைக்கவுமில்லை. ஆயினும் அங்கே யார் எத்தனை பேர் என்ற வினா எழவே இல்லை. நீ எதை உண்மையென்று கொள்கிறாய், எந்த அளவையால் கொள்கிறாய் என்பதே வினா. மக்கள் வழக்கிலோ வினா வேறு. நெல்லைச் சீமையில் புதிதாகச் சந்திப்பவர், "உங்களுக்குச் சாஸ்தா எது?" என்று கேட்பார். பங்குனி உத்திரத்தன்று குடும்பம் எந்தச் சாஸ்தா கோயிலுக்குச் செல்கிறது என்பது அதன் பொருள். "உங்கள் மதம் என்ன?" என்பது அலுவலகத்தின் வினா. 'மதம்', 'சமயம்', 'நெறி', 'வழி', 'சாமி' ஆகிய ஐந்து சொற்களும் ஐந்து வெவ்வேறு வினாக்களுக்கு விடையாகின்றன. தரவுத்தளத்தில் ஐந்திற்கும் ஒரே நெடுவரிசை. மொழியியல் பயின்றோர் இதைக் கண்டும் வாளாவிருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மறுப்புரையை எதிர்பார்க்கிறேன். "தரவே இல்லாமலிருப்பதைவிடக் குறையுள்ள தரவு மேலன்றோ?" என்பர். குறை சமமாகப் பரவியிருந்தால் மேல்தான். இங்கே குறை எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது. நிலமும் அறக்கட்டளையும் ஆங்கிலமும் உள்ள வழிபாடு எப்போதும் தெரியும். அவை இல்லாத வழிபாடு எப்போதும் மறையும். மாதிரியைப் பத்து மடங்கு பெருக்கினாலும் சாய்வு குறையாது, உறுதிப்படும். "எல்லாவற்றையும் கள ஆய்வு செய்ய முடியுமா?" என்றும் கேட்பர். முடியாது. எனவே செய்ததை மட்டும் சொல்லுங்கள். இணையத்தில் தம்மைப் பதிந்துகொண்ட வழிபாட்டு நிறுவனங்களின் பரவல் என்று தலைப்பிட்டால் அதே கட்டுரை நல்ல கட்டுரையாகும். 'மும்பையின் சமயங்கள்' என்று தலைப்பிடும்போதுதான் அது பொய்யாகிறது.

இவையெல்லாம் ஏட்டுச்சண்டை என்று நினைப்போர்க்கு ஒன்று சொல்வேன். 2009 செப்டம்பர் 29இல் பொது இடங்களில் அனுமதியற்ற வழிபாட்டுக் கட்டடங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் உள்ளாட்சிகள் அத்தகைய இடங்களின் பட்டியல்களைத் தயாரித்தன. எது பழையது, எது புதியது, எதற்குச் சான்றுண்டு என்பவை அப்பட்டியல்களில் உயிர்ப்பிரச்சினை. தாராவி மறுசீரமைப்பிற்கான வீடுவீடான அளவெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. ஆளில்லாச் சிறுவானூர்திகளும் ஒளிக்கதிர் அளவிகளும் கொண்டு ஒவ்வொரு கட்டமைப்பிற்கும் எண் இடப்பட்டது. தாராவியின் பெரிய மசூதி 1887ஆம் ஆண்டினது, கணேசர் கோயில் 1913ஆம் ஆண்டினது என்று ஆண்டோடு சொல்ல முடிகிறது. சந்து மேடையில் நிற்கும் பீடத்திற்கு ஆண்டு எங்கே? கொடை எடுத்த மூத்தவர்களின் நினைவில் இருக்கிறது. அந்நினைவை எழுதிவைக்க வேண்டிய ஆய்வாளர் கணினி முன் அமர்ந்து நிறச்செறிவு கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார். நான் வாழும் சான்பாடாவும் சிட்கோ நகரம் எழுமுன் ஆக்ரி, கோலி மக்களின் ஊர். நகரத் திட்டப் படத்தில் துறை எண்களாகக் கிடக்கும் இப்பகுதியின் பழைய எல்லையை ஊர்த்தெய்வமான காவ்தேவியைக் கொண்டு சுட்டிக்காட்டுவோர் இன்னும் உளர்.

2021இல் நிகழ்ந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நிகழவில்லை. 2027 மார்ச் 1 வரையறை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. புதிய எண்கள் வரும்வரை 2011இன் எண்களும் இணையக் குறிப்புகளுமே மேற்கோள்களாகத் தொடரும் என்பதால் நெறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சமய எண் ஒன்று ஆய்வேட்டில் வந்தால், வாய்மொழித் தேர்வில், அதை முதலில் எண்ணியவர் யார், எந்தப் படிவத்தில், எந்த மொழியில் கேட்டார், விடை சொன்னவர்க்கு அதனால் என்ன கிடைக்கும் அல்லது என்ன பறிபோகும் என்று கேளுங்கள். விடையில்லையெனில் அவ்வெண்ணை நீக்கச் சொல்லுங்கள்.

"குறை சொல்கிறாயே, நீ திரட்டியதை வரைபடத்தில் ஏற்றலாமே" என்று தோழர்கள் இருவர் கேட்டுவிட்டனர். ஏற்றமாட்டேன். மேற்சொன்ன பட்டியல்கள் நடைமுறையில் உள்ளவரை, ஒரு சிறு பீடத்தின் துல்லியமான அமைவிடத்தைப் பொதுவில் வைப்பதற்கு அதைப் பேணும் குடும்பங்களின் இசைவு வேண்டும். சிலர் பதியச் சொன்னார்கள், சான்றாகட்டும் என்று. சிலர் வேண்டாமென்றார்கள். வேண்டாமென்றோரே மிகுதி. பெயர் வடிவங்கள், எழுத்து மாற்றங்கள், கொடை நாள்கள் ஆகியவற்றை இடம் நீக்கிய அட்டவணையாகத் தருவேன். வேண்டுவோர் உள்பெட்டியில் கேளுங்கள்.